நகர்மன்றம் முதல் சந்நிதி வரை: மூதறிஞர் இராஜாஜி

1878 டிசம்பர் 10ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் வைணவக் குடியிற் பிறந்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழெய்திய அவர், 1917இல் அந்நகராட்சித் தலைவரானார். அவர்தம் முயற்சியால், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாக நகர்மன்ற உறுப்பினராயினார். வைதிகர் சினந்தனர், அன்னார் கொள்கை தளர்ந்தாரில்லை.

1925இல், நம் பள்ளிபாளையத்திற்கு அண்மையிலுள்ள திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்புப் பணிகளை மேற்கொண்டார். 1937இல் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராகிச் சேலம் மாவட்டத்திலேயே மதுவிலக்கைத் தொடங்கினார். 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் கண்டார். 1948இல் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தார். இராமகாதையை எளிய தமிழில் வழங்கிய அப்பெரியார், 1972 டிசம்பர் 25இல் பரமபதம் எய்தினார்.

அடியார் அனைவரும் வேறுபாடின்றி எம்பெருமானைச் சேவிக்கும் இத்திருநாளில், நகர்மன்றத்தில் அவர் தொடங்கிய நற்பணியை நன்றியுடன் நினைவோமாக.