சிரிக்க வைத்த நீதிபதி



பங்குத் திருவிழா நாடகத்தில் கஞ்சனோ வட்டிக்காரனோ மேடையேறினால் கூட்டம் சிரிக்கும். நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியாரின் வாழ்வு இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

அவர் 1873-இல் சென்னையில் பிறந்தார். நடிப்பவர்களைக் கூத்தாடிகள் என்று படித்தவர்கள் இகழ்ந்த காலம் அது. அவருக்கும் தொடக்கத்தில் தமிழ் நாடகத்தின் மீது மதிப்பில்லை. பல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழு அவர் மனத்தை மாற்றியது. 1891-இல், தமது 18-ஆம் வயதில், நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் அதில் வேடமிட்டு நடித்தார்கள். பின்னர் அவர் வழக்கறிஞரானார். சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதியுமானார். கடனுக்கும் வாடகைக்கும் மனிதர் மோதிக்கொள்ளும் இடம் அது.

அவருடைய 'சபாபதி' நாடகம் 1941-இல் திரைப்படமாகவும் வந்தது. செல்வம் நிறைந்த ஜமீன்தாருக்கும், எதையும் தலைகீழாகச் செய்யும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். பணத்தை நீக்கிவிட்டால் இருவருக்கும் வேறுபாடு அதிகமில்லை என்று சொல்லாமல் சொன்னார்.

ஷேக்ஸ்பியர் 1590-களில் எழுதிய வெனிஸ் வணிகன் கதையை 'வாணீபுர வணிகன்' என்று தமிழில் தந்தார். மூல நாடகத்தில், கடனைத் திருப்பித் தராதவனிடம் ஒரு ராத்தல் சதை கேட்கிறான் கடன் கொடுத்தவன். அவன் ஒரு யூதன். பேராசையை ஓர் இனத்தின் தலையில் கட்டுவது தவறு. அது எந்த இனத்திற்கும் உரிய தனிச்சொத்து அன்று. அதே கதையில் ஓர் இளவரசன் பொன், வெள்ளி, ஈயப் பேழைகளுள் பொன் பேழையைத் திறக்கிறான். உள்ளே இருப்பது மண்டையோடு!

1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1964-இல் தமது 91-ஆம் வயதில் மறைந்தார்.

வசதியானவர்களின் நடுவில் வாழ்ந்துகொண்டே, வசதியின் மடமையை அவர்கள் முன்னால் மேடையேற்றினார். அவர்களும் கைதட்டி மகிழ்ந்தார்கள். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை இறைவாக்கினர் நாத்தான் சொன்னபோது, தாவீது அரசர் அச்செல்வன் மீது சினந்தார். அது தம் கதையே என்று பிறகுதான் உணர்ந்தார்.

சம்பளத்தைத் தள்ளிப்போடும் முதலாளியும், சீட்டுப் பணத்தை ஏமாற்றுபவரும், அண்ணன் தம்பி பங்கில் கை வைப்பவரும் மேடைக் கஞ்சனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் வீட்டுக்கு வந்து நம் கணக்கு நோட்டைத் திறந்து பார்ப்போமா?