மரியா மாண்டிசோரி அம்மையார்

நிறைய ஸ்கூல் போர்டில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கும். அது ஊர் பேர் இல்லை, ஒரு டாக்டரம்மா பேர்.

மரியா மாண்டிசோரி 31.8.1870-ல் இத்தாலியில் பிறந்தார். அப்போதெல்லாம் பெண்கள் டாக்டருக்குப் படிப்பது ரொம்ப அபூர்வம். அப்பாவுக்கும் இஷ்டமில்லை. ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், எல்லோரும் போன பிறகு தனியாக இருந்து படித்தார். (நானாக இருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன்!) 1896-ல் டாக்டர் ஆனார்.

வேலை விஷயமாக ரோம் நகரத்து மனநல ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். அங்கே மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை அடைத்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்து விளையாட ஒரு சாமான் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் தரையில் சிந்திய ரொட்டித் தூளைப் பொறுக்குவார்களாம். பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு அது வெறும் பேராசையாகத் தெரிந்தது. மரியாவுக்கோ, அந்தக் கைகள் ஏதாவது வேலைக்கு ஏங்குகிற மாதிரி தெரிந்தது. இவர்களுக்கு மருந்தை விடப் படிப்புதான் வேண்டும் என்று முடிவு பண்ணினார்.

ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டுமே. 1900-ல் ரோமில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டீச்சர்களைத் தயார் செய்ய ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். மரியா அதை நடத்தும் பொறுப்பில் இருந்தார். முதல் தடவையே 64 ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பும் கூடவே இருந்தது. அதனால் பாடமாகக் கேட்டதை டீச்சர்கள் அங்கேயே பிள்ளைகளிடம் பார்த்துக் கற்றார்கள். மரியாவும் காலை 8 மணியிலிருந்து இரவு 7 வரை பிள்ளைகளோடே இருப்பார். ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். மரத்தில் எழுத்து செய்து விரலால் தடவ வைத்தார். கொஞ்ச நாளில் சில பிள்ளைகள், மற்ற பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையையே எழுதிப் பாஸ் ஆனார்கள்!

எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மரியாவுக்கு மட்டும் கவலை. இவர்களே இவ்வளவு படித்தால், நல்லா இருக்கிற பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்று யோசித்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த யோசனைதான்.

1907-ல் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள் அவர்கள். ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்த அவர், தன் ஒரே மகன் மரியோவைப் பல வருடம் வேறு குடும்பத்தில் விட வேண்டியிருந்தது.

அந்த மரியோவோடுதான் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்தார். வயசு 69. ஓலைக் கொட்டகையில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் இத்தாலி மொழியில் பேச, மகன் இங்கிலீஷில் சொன்னார். டீச்சர் முதலில் வாயை மூடிக்கொண்டு பிள்ளையைக் கவனிக்கணும் என்பதுதான் அவர் பாடம்.

1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் வெள்ளைக்காரர்கள் மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்தநாளுக்கு விட்டுவிட்டார்கள். பிறகு கொடைக்கானலிலும் இருந்தார்கள்.

6.5.1952-ல் ஹாலந்தில் அவர் இறந்தார். பிற்காலத்தில் இத்தாலியின் 1000 லிரா நோட்டில் அவர் படம் போட்டார்கள். ஒரு டீச்சர் படம், பண நோட்டில்!