டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

தாம்பரத்தினின்று கடற்கரைக்குச் செல்லும் ரயிலில் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்குவோர், அருகிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியையும் பெரிய ஆஸ்பத்திரியையும் காண்பர். நூறாண்டுகட்கு முன்னர் அக்கல்லூரியிற் கதராடை உடுத்துப் பயின்ற ஆந்திர இளைஞர் ஒருவர், தமக்குரிய பட்டத்தினும் தாழ்ந்ததொரு பட்டத்தைப் பெற்று வெளியேறினார். எங்கள் குரோம்பேட்டை இல்லத்தில் என் பாட்டியார் மூட்டு வாதத்திற்காக உண்ணும் இருவகை மாத்திரைகளும் அவ்விளைஞர் பின்னாளில் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தில் தோன்றியவை என்பதனைச் சென்ற ஆண்டுவரை யான் அறிந்திலேன். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் இச்சரிதத்தைப் படித்து முடித்த பின்னர் நகைப்பாராக.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் கோதாவரி நாட்டுப் பீமவரத்திற் பிறந்தவர். இளமையில் அவர் கூரிய மாணாக்கராகத் திகழ்ந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆயினும் உண்மை அஃதன்று. காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். அன்னையார் வேங்கம்மா மீட்டுக்கொணர்ந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றே தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பு முடித்தார். இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து துறவு பூண விழைந்தபோது, அன்னையார் இசையவில்லை. மடத்துப் பெரியோரும் மருத்துவம் பயிலுமாறு கூறினர். கற்கப் பொருளின்மையால் நண்பர் சிலரும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர். 1919-இற் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார்.

காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்க அவர் கதராடை உடுத்தது அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு உவப்பாயிருக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு ஈடாக எல்.எம்.எஸ். என்னும் சிறு பட்டமே சுப்பாராவுக்குக் கிட்டிற்று. அரசாங்க மருத்துவப் பணியும் வாய்க்கவில்லை.

இதனினும் பெருந்துன்பம் வீட்டில் நேர்ந்தது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காதொழிய, உடல் மெலிந்து இரத்தம் வற்றும் ஸ்ப்ரூ என்னும் நோயால் அவர்தம் சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் மாண்டனர். அந்நோய் அவரையும் பற்றிற்று. அவரை ஆயுர்வேத முறையாற் பிழைக்கவைத்தவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி ஆவர். அதன் பயனாகவே சுப்பாராவ் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார். தம்மைக் காத்த மருந்தில் எப்பொருள் தம்மைக் காத்தது என்னும் வினா அவர் நெஞ்சிற் புகுந்தது அக்காலத்தே போலும். இஃது என் ஊகமே.

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் அளித்த பொருளைக்கொண்டு, 1920-களின் தொடக்கத்திற் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவியாரைச் சில ஆண்டுகளில் மீண்டும் காணலாம் என்றெண்ணியே கப்பலேறினார். மீளவேயில்லை. அவர் சென்ற பின்னர்ப் பிறந்த ஆண்மகவு தந்தை முகம் காணாமலே பச்சிளம் பருவத்தில் இறந்தது.

பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் படிப்பும், இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரம் சுத்தம் செய்யும் ஊழியமுமாக அவர் காலம் கழிந்தது. உயிர் இரசாயனப் பகுதியிற் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உளது என்றறியும் முறையை 1925-இல் வெளியிட்டார். மாலிப்டேட்டுச் சேர்ந்த கரைசல் நீலநிறம் பெறும். நிறத்தின் அடர்த்தியே பாஸ்பரஸின் அளவைக் காட்டும். பார்வைக்கு எளிய இம்முறை உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களிற் பரவி, இருவர் பெயராலும் வழங்கிவருகின்றது.

அந்நீலநிறமே அடுத்த வாயிலையும் திறந்தது. தசை சுருங்குதற்குரிய ஆற்றல் லாக்டிக் அமிலத்திலிருந்து பிறக்கின்றது என்பது அக்காலத்தார் கொள்கை. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹோஃப் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசும் பெற்றிருந்தனர். தசையிற் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளுண்டு என்பதனை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1927-இற் காட்டவே, அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1929-இல் உயிரணுக்களின் ஆற்றற் செலாவணியாகிய ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியிற் கார்ல் லோமனும் அதனைக் கண்டார். 1930-இற் சுப்பாராவ் பி.எச்.டி. பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. சுப்பாராவின் கண்டுபிடிப்புகள் சில ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிவராது கிடந்தன என்றும், அவற்றைப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கூறியுள்ளார்.

1940-இல் அவர் ஹார்வர்டை நீங்கி, நியூயார்க்கு மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலுள்ள லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சித் தலைவருமானார். சகோதரரைக் கொன்ற நோயை நோக்கி அவர் திரும்பியது இங்கேதான். இதற்கு நம் நாட்டில் ஒரு முன்கதை உண்டு. பம்பாயில் ஆலைத் தொழிலாளரான கருவுற்ற மகளிர்க்கு இரத்தச் சோகை மிகுந்திருத்தலை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈஸ்ட்டுச் சாறு அதனைப் போக்குதலை 1930-களின் தொடக்கத்திற் கண்டார். சாற்றிலுள்ள அப்பொருள் யாதென்பது விளங்காதிருந்தது. பசுங்கீரையினின்று பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்ற அதனைச் சுப்பாராவின் குழுவினர் 1945-இற் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூ நோயாளர்க்கு அதனைக் கொடுத்தபோது வற்றிய இரத்தம் மீண்டும் ஊறிற்று. சகோதரர் மாண்டு இருபதாண்டுகட்கு மேற்பட்ட பின்னர்க் கிடைத்த மருந்து!

இனிக் கூறுவது வியப்பிற்குரியது. உயிரணுக்கள் பெருகுதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டனில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் கவனித்துவந்த சிட்னி ஃபார்பர், அவ்வமில வகைகளைக் கொடுத்தால் நோய் விரைதலைக் கண்டார். அங்ஙனமாயின், அமிலத்தைப் போன்றே தோன்றி, அதன் இடத்தில் அமர்ந்து, அதன் தொழிலைச் செய்யாது தடுக்கும் போலிப் பொருளைக் கொடுத்தால் என்னாகும்? சுப்பாராவின் கூடத்தார் அத்தகைய போலிகளைச் சமைத்தனுப்பினர். அவற்றுள் அமினாப்டெரின் என்பதனைப் பதினாறு குழந்தைகட்குக் கொடுத்ததிற் பத்துப்பேர் தேறினர் என்று 1948 ஜூனில் ஃபார்பர் குழுவினர் வெளியிட்டனர். அத்தேற்றம் நிலைக்கவில்லை, எனினும் அதற்குமுன் அக்குழந்தைகட்குச் சில திங்கள் வாழ்வுதானும் யாரும் கொடுத்ததில்லை. அப்போலியின் உடன்பிறப்பே மெதோட்ரெக்சேட்.

என் பாட்டியார் உண்பதும் அதுவே. ஞாயிறுதோறும் கோவிலினின்று வந்ததும் மெதோட்ரெக்சேட். வாரத்தில் ஒருநாளே உண்ணவேண்டும், நாடோறும் உண்டால் உயிருக்கே கேடு என்பது மருத்துவர் கட்டளை. மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம். ஒன்று தடுக்க, மற்றொன்று தடுத்ததனால் வரும் தீங்கை ஆற்றும். பகையும் உறவுமாகிய இரண்டும் ஒரு பேழையிற் கிடக்கின்றன.

யானைக்கால் நோயை நம் சென்னை மக்கள் நெடுங்காலம் அறிவர். தேங்கிய சாக்கடை நீரிற் பெருகும் கொசுவால் வருவது அது. அதன் நுண்புழுக்கள் இரவிலேயே இரத்தத்தில் உலவுதலால், சுகாதார ஊழியர் இரவில் வீடுதோறும் சென்று விரல்நுனியிற் குருதி எடுப்பது வழக்கம். அப்புழுக்களை ஒழிக்கும் ஹெட்ரசான் என்னும் மருந்தும் 1947-இல் இவர் கூடத்தினின்றே வந்தது. முன்பே பருத்துவிட்ட காலை அது சிறுக்கச் செய்யாது, பரவாமற் காக்கும். ஆரியோமைசின் என்னும் மருந்தைப் பெஞ்சமின் டக்கர் கண்டதும் இவர் தலைமையிலேதான்.

இத்துணையும் சில ஆண்டுகளில் நிகழ்ந்தன. கட்டுரைகளில் உதவியாளர் பெயர்களை முன்வைத்துத் தம் பெயரை அவற்றினிடையே மறைய விட்டமையால், மருந்துகளை அறிந்தோர் பலர். ஆக்கியவரை அறிந்தோர் சிலர். 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாளிரவில், ஃபார்பர் கட்டுரை வெளிவந்து இரு திங்களுக்குச் சற்றுப் பின்னர், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார். நூற்றாண்டாகிய 1995-இல் நம் அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சணத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பெற்றுள்ளது.

இச்சரிதத்தை ஒரு ஞாயிறு மாலையிற் பாட்டியார்க்குச் சொன்னேன். ஏ.டி.பி. முதலியவற்றில் அவர் மனம் செல்லவில்லை. அந்தச் சேஷகிரியம்மாள் என்ன ஆனார், அத்தனை ஆண்டும் அவருக்குக் கடிதமாவது வந்ததா என்று வினவினார். விடை என்னிடம் இல்லை. சற்றுநேரம் வாளாவிருந்த பின்னர், மறுநாளைக்குரிய மாத்திரை உளதா என்று பேழையைத் திறந்து பார்க்கலானார்.