இராமானுஜத்தின் நன்றிக்கடன்

கணித மேதை சீனிவாச இராமானுஜம் 1887 ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்தார். வறுமையில் வாடிய அவரது புலமையைக் கண்டு வியந்த நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ், திங்கள்தோறும் பொருளுதவி செய்து வந்தார். அவர் மனமுவந்தே அளித்தார். எனினும், பிறர் பொருளில் வாழ்தல் இராமானுஜத்தின் உள்ளத்தை உறுத்தியது. ஆதலின், 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார்.

பின்னர் இங்கிலாந்து சென்று பெரும்புகழ் எய்தினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 இல் அவர் நன்றியுடன் விடுத்த மறுமொழியில், பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளித்து, தம் செலவும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர்களின் கல்விக்குப் பயன்படுத்துமாறு வேண்டினார். மறு ஆண்டே அவர் மறைந்தார். தாம் பெற்ற உதவியை, அஃது இல்லாதவர்க்கு வழங்குதலும் நன்றிக்கடன் தீர்க்கும் நெறியே அன்றோ?