விளையாட்டை ஆராய்ந்த வேந்தர்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய நகர்களிலும் பிள்ளைகள் பலரது ஓய்வு நேரம் இன்று கையடக்கத் தொலைபேசி விளையாட்டுகளில் கழிகின்றது. ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் ஆடும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் கவலையுறுவது நியாயமே. ஆயினும் தொலைபேசியைப் பறித்து வைப்பது மாத்திரம் தீர்வாகிவிடாது. விளையாட்டையே கல்வியாக்கிக் கொண்ட மன்னர் ஒருவரின் வாழ்க்கையை இவ்வேளையில் நினைவுகூர விரும்புகின்றோம்.

மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1794ஆம் ஆண்டில் பிறந்தவர். 1799இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் வீழ்ந்ததை அடுத்து, ஐந்து வயதை எட்டிக்கொண்டிருந்த இச்சிறுவரை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினர். திவான் பூர்ணையா அவர் பெயரால் ஆட்சியை நடத்தினார். பின்னர் மன்னர் தாமே ஆளத் தொடங்கினார். ஆனால் நாட்டில் எழுந்த கிளர்ச்சியைக் காரணங்காட்டி, 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம் வசமாக்கிக் கொண்டனர். 1868இல் மறையும் வரையான 37 ஆண்டுகளும் அவருக்கு எஞ்சியது பட்டம் மட்டுமே. ஆட்சியை மீளக் கேட்டு விண்ணப்பித்தவாறே, கலைகளையும் புலவர்களையும் ஆதரித்து வாழ்ந்தார்.

விளையாட்டுகளிலும் அவர் பேரார்வம் கொண்டிருந்தார். அவரது ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலின் ஒன்பது பகுதிகளில் ஒன்றான கௌதுகநிதி, விளையாட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் குதிரை ஒருமுறை மாத்திரம் கால்பதித்துச் செல்லும் வழிகளை அவர் வகுத்தார். கஞ்சிபா எனப்படும் வட்டச் சீட்டாட்டத்திலும் ஆழ்ந்து ஈடுபட்டார்.

இவ்விளையாட்டுகளின் பயணம் எமது வாசகர்களுக்குச் சுவைதரும். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, முஸ்லிம் அறிஞர்களால் வளர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. கஞ்சிபாவோ மறுதிசையில், முஸ்லிம் அரசவைகளின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1527இல் பேரரசர் பாபர் தம் நண்பர் ஒருவருக்குக் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பிய செய்தி அவரது நினைவுக் குறிப்புகளில் உண்டு. முகலாயர் முறையில் 96 சீட்டுகள். இந்துக்கள் அதனைத் தசாவதாரத்துக்கு ஏற்ப விரித்தபோது 120 சீட்டுகள்.

இவற்றின் வழிவந்த மரபில் உடையார் புதிய ஆட்டங்களை வகுத்தார். என்றும் துருப்பாகவே நிலைக்கும் சீட்டு வகை, வேறு சீட்டின் இடத்தை நிரப்பவல்ல சீட்டு ஆகியவற்றைச் சேர்த்தார். அவரது ஆட்டங்களுள் மிகப் பெரியது 18 வகைகளும் 360 சீட்டுகளும் கொண்டது. எனினும் சிக்கல் மிகுந்த அவ்வாட்டங்கள் அரண்மனையைத் தாண்டிப் பெரிதும் பரவவில்லை. விதிகள் பெருகுவதால் மாத்திரம் விளையாட்டு சிறந்துவிடாது என்பதும் அவர் வாழ்க்கை தரும் பாடமே.

சீட்டுக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். இன்று உலகறிந்த நின்டெண்டோ நிறுவனம், 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுகள் தயாரிக்கவே தொடங்கப்பட்டது என்பதே அதற்கு விடை. கருவி மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு? வெகுமதி எப்போது கிடைக்கின்றது? தோற்றவரை மீண்டும் ஆடத் தூண்டுவது எது? பல விளையாட்டுகளை ஆடி ஒப்பிடும் பிள்ளைக்கே இக்கேள்விகள் எழும். ஒன்றிலேயே கட்டுண்டவருக்கு எழுவதில்லை. அக்கட்டின் சூட்சுமத்தை அறிந்த பிள்ளை அதிலிருந்து விடுபடுவது எளிது. நாளை தானே ஒரு விளையாட்டை ஆக்கவும் கூடும்.

பந்தயம் கட்டும் சூதாட்டத்தை நாம் இங்கு ஆதரிக்கவில்லை. அது குடும்பங்களை அழிப்பது, இஸ்லாம் விலக்கியது, வள்ளுவரும் கண்டித்தது.

உடையார் வாழ்ந்த காலத்திலேயே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மலையக மக்களின் மூதாதையர் இலங்கைக்கு வந்தனர். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியன அவர்தம் ஊர்களின் ஆட்டங்கள். தோட்டப் பாடசாலைகளும் பெற்றோரும் இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, தொலைபேசி விளையாட்டுகளோடு ஒப்பிடச் செய்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அரசை இழந்த மன்னருக்கு இயன்ற ஆராய்ச்சி, வசதி குறைந்த எமது பிள்ளைகளுக்கும் இயலும் என்பதே எமது நம்பிக்கை.