கல்லில் மனிதனைக் கண்ட ரஸ்கின்

கட்டடங்களைக் கண்டு வியக்கும் நாம், அவற்றை எழுப்பிய கைகளை எண்ணுவதில்லை. எண்ணக் கற்பித்தவர் கட்டடக்கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின். 1819இல் இலண்டனில் பிறந்த அவர், வெனிஸ் நகரின் தூண்களையும் வளைவுகளையும் நேரில் அளந்தும் வரைந்தும் ஆராய்ந்து, 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக ‘வெனிசின் கற்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். அந்நகர்க் கோமகன் மாளிகையில் உரோமானிய, இலாம்பார்டியக் கலைகளோடு அரபுக் கலையும் சரிசமமாய்க் கலந்திருப்பதை எடுத்துரைத்தார். தொழிலாளி சிந்திக்கவும் மகிழவும் இடந்தராத கட்டடம் எத்துணைச் செப்பமாயினும் உயிரற்றதே என்பது அவர்தம் தீர்ப்பு. பழங்கட்டடங்கள் கட்டியோர்க்கும் வருந்தலைமுறைகட்கும் உரியவை. அவற்றை இடிக்க நமக்கு உரிமையில்லை என்று 1849இலேயே வாதிட்டார். அவ்வழி நின்றே வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் கண்டார். ரஸ்கின் 1900இல் மறைந்தார். நம் ஊரின் பழஞ்சுவர் ஒன்றில் கடப்பாரை விழுமுன் அவரை நினைத்தல் நம் கடனாகும்.