யார் இந்த ‘சிறுமலர்’ தெரசா? பிடிக்காதவர்களோடு ஒரே கூரைக்குக் கீழ் 9 வருஷம்!

‘சிறுமலர்’, ‘லிட்டில் ஃப்ளவர்’ என்று போர்டு மாட்டிய பள்ளியை நம்ம ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பிரான்ஸ் நாட்டின் லிசியே நகரில் வாழ்ந்த தெரசா. கொல்கத்தா அன்னை தெரசாவோடு குழப்பிக்க வேண்டாம். அவரே தன் துறவறப் பெயரை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

1873 ஜனவரி 2-ல் அலான்சோன் நகரில் பிறந்தார். அப்பா கடிகாரம் செய்பவர், அம்மா லேஸ் தொழில் நடத்தியவர். 4 வயதில் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதற்கப்புறம் எதுக்கெடுத்தாலும் பொசுக்கென்று அழுதுவிடுகிற பொண்ணு.

1887-ல் பாரிஸில் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்ற வழக்கில் பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அவனைத் திட்டித் தீர்த்தது. 14 வயது தெரசா மட்டும் அவன் மனம் மாற வேண்டும் என்று விடாமல் ஜெபித்தார். வீட்டில் பேப்பர் படிக்கத் தடை. ஆனாலும் தண்டனை நிறைவேறியதும் எடுத்துப் பார்த்துவிட்டார். கடைசி நொடியில் அவன் பாதிரியாரிடமிருந்த பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

முகம் தெரியாத கொலைகாரனை மன்னிப்பது ஒருவகையில் ஈஸி. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து எரிச்சலூட்டுகிறவரை என்ன செய்வது?

அடைத்த கதவுக்குள்ளே

1888 ஏப்ரல் 9. 15 வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். உள்ளே சுமார் 25 பேர். ஒருமுறை நுழைந்தால் சாகும்வரை அதே முகங்கள்தான். குளிர்காலத்தில் ஒரே ஒரு அறையில் மட்டும் கணப்பு. நாளின் பெரும்பகுதி மௌனம். ரிசைன் பண்ணிட்டு வேறு கம்பெனி பார்க்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

மாலை தியானத்தில் தெரசாவுக்குப் பின்னால் இருந்தவர் விடாமல் ஒரு சின்னச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். திரும்பி ஒரு முறை முறைத்தாலே போதும், நின்றிருக்கும். ஆனால் அவர் மனசு நோகுமே என்று தெரசா திரும்பவில்லை. வியர்த்துக் கொட்டுகிற அளவுக்கு அடக்கிக்கொண்டார். கடைசியில் அந்தச் சத்தத்தையே சங்கீதமாக நினைத்துக் கேட்கப் பழகினார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்க விட்டபோதும் பின்வாங்கவில்லை.

வயதான செயின்ட் பியர் சகோதரியைச் சாப்பாட்டு அறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது இன்னொரு வேலை. வேகமாக நடந்தாலும் திட்டு, மெதுவாக நடந்தாலும் திட்டு. வாதத்தால் முடங்கிய அந்தக் கைகளுக்கு ரொட்டி வெட்டச் சிரமம் என்பதைக் கவனித்த தெரசா, யாரும் கேட்காமலே வெட்டிக் கொடுத்தார். போகும்போது ஒரு சிரிப்பு. மூதாட்டி அதில் உருகிப்போனார்.

இன்னொரு சகோதரியின் பேச்சு, நடை எதுவுமே தெரசாவுக்கு ஆகாது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் கூடுதலாகச் சிரித்தார், உதவினார். தன்னிடம் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று அவரே ஒருநாள் ஆச்சரியமாகக் கேட்டாராம்!

இது நடிப்பில்லையா? நியாயமான கேள்வி. ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்தபோது, தவறுகளை முகத்துக்கு நேரே சொன்னார். கண்டிப்பானவர் என்று அவர்களே முணுமுணுத்தார்கள். தன்மேல் விழுந்ததைத் தாங்கினார், பிறருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

மடத்தில் பாலிடிக்ஸும் உண்டு. தெரசாவோடு சேர்த்து உடன்பிறந்த சகோதரிகள் 4 பேர் உள்ளே. 1896 தலைவி தேர்தலில் அக்கா பவுலினுக்கும் மரி தெ கொன்சாகுக்கும் போட்டி. 7 சுற்று ஓட்டெடுப்புக்குப் பிறகுதான் கொன்சாக் ஜெயித்தார். மனஸ்தாபம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே வருடம் தெரசாவுக்குக் காசநோய் வெளிப்பட்டது. ஆனாலும் சட்டென்று கோபப்படுவதால் யாரும் அண்டாத ஒரு சகோதரியோடு துணி தைக்கும் அறையில் வேலை செய்ய, தானே கேட்டுப் போனார்.

1897 கோடையில், பிறரன்பு பற்றிய தன் அனுபவங்களை ஒரு நோட்டில் எழுதினார். யாருக்கு? அக்காவைத் தோற்கடித்த அதே கொன்சாகுக்கு!

அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, இவர் இறந்தால் இரங்கல் கடிதத்தில் எழுத என்ன இருக்கிறது என்று ஒரு சகோதரி பேசியிருக்கிறார். செப்டம்பர் 30-ல் தெரசா இறந்தார். வயது 24. அந்த இரங்கல் கடிதத்துக்குப் பதிலாக அவருடைய நோட்டுகளையே பவுலின் திருத்தி, கொன்சாக் அனுமதியோடு 1898-ல் புத்தகமாக்கினார்கள். முதல் பதிப்பு 2,000 பிரதிகள். 1925-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.